மீரான் வைத்த வெல்டு

அணுக்களை இணைத்துச் சூரியனைப் போல மின்சாரம் தரும் என்ற சோதனை உலைக்காக, திருவெறும்பூர் மீரான் கத்தார் வேலையை உதறிவிட்டு நான்கு வருஷம் வெல்டு வைத்தார். இப்போது அதைப் பிரிக்கும் திட்டத்தோடு இன்ஜினியர் சுபஸ்ரீ வீட்டுக்கு வந்திருந்தாள்.

"மொத்தம் எவ்வளவு நேரம்மா ஓடுச்சு?"

"பதினோரு நிமிஷம்ங்க பாய்."

மீரான் கண்ணாடியைக் கழற்றினார்.

"உள்ள முழுக்க கதிரியக்கம். ஆள் போக முடியாது, ரோபோதான் அறுக்கணும். எந்த வெல்டு லேசா விடும்னு சொன்னீங்கன்னா, அங்கேயே ஆரம்பிச்சிடலாம்."

வரைபடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு வெல்டுகள். ஒன்றுகூட எக்ஸ்ரே சோதனையில் தோற்றதில்லை.

"எதுவும் விடாதும்மா," என்றார். ஒன்றையாவது சொத்தையாக வைத்துத் தொலைத்திருக்கலாம்.