தர்மத்துக்குப் போன முக்காலி

பைபரை ஒட்டுகிற பிசினுக்கு ஒரு வாசனை உண்டு. அழுகத் தொடங்கிய அன்னாசிப் பழத்தின் மேல் யாரோ மண்ணெண்ணெயைக் கொட்டினாற்போல முதலில் இனித்து, பிறகு தொண்டையைப் பிடிக்கும். நான் நான்காம் வகுப்புப் படித்த குளிர்காலம் முழுவதும் சரோஜினி நகரில் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் அந்த வாசனைதான். பனிமூட்டத்தில் எதிர்வரிசை வீடுகள் தெரியாத காலைகளில்கூட, வண்டி எங்கே நிற்கிறது என்பதை மூக்கை வைத்தே சொல்லிவிடலாம்.

வண்டி என்றுதான் சொல்ல வேண்டும். கார் என்று சொல்ல அப்பாவைத் தவிர யாருக்கும் மனம் வரவில்லை. முன்னால் ஒரே ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. உடம்பு முழுக்க பைபர், தட்டினால் பிளாஸ்டிக் வாளியின் சத்தம் வரும். அதன் சொந்த எஞ்சின் எப்போதோ உயிரை விட்டுவிட, வேறு ஏதோ சின்னக் காரின் எஞ்சினை யாரோ பின்னால் பொருத்தியிருந்தார்கள். அப்பாவின் அலுவலகத்தில் ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர், வீட்டைக் காலி செய்யும்போது, எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று கொடுத்தது. தெருப் பிள்ளைகள் அதை "ஆதி காடி" என்றார்கள், அதாவது அரை வண்டி. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் "முக்காலி".

அந்த வருடம் எங்கள் தேவாலயச் சபைக்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு காரியத்தில் இறங்கியிருந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்தில் போலியோ வந்து கால் சூம்பிப்போன பிள்ளைகளுக்கு ஒரு விடுதி இருந்தது. அதற்காகத் தில்லியிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் பழைய வண்டிகளை வரிசையாக ஓட்டிக்கொண்டு போவது, வழியில் ஊர் ஊராக நிறுத்தி வேடிக்கை பார்க்க வருகிறவர்களிடம் உதவி கேட்பது என்று ஏற்பாடு. அப்பா ஒரு படி மேலே போய், வண்டியையே அந்த விடுதிக்குக் கொடுத்துவிட்டு ரயிலில் திரும்புவதாகச் சொல்லிவிட்டார். முக்காலியின் தளம் தரையோடு தரையாகத் தாழ்ந்தது. காலில் இரும்புச் சட்டம் மாட்டிய பிள்ளைகள் யாரும் தூக்கிவிடாமல் தாங்களே ஏறிக்கொள்ளலாம். இதை அவர் எங்களிடம் சொல்லும்போதெல்லாம் குரல் லேசாக உடையும். ஆனால் அந்த முக்காலி சரோஜினி நகரிலிருந்து ஐ.என்.ஏ. மார்க்கெட் வரைக்கும் போய்த் திரும்புவதே பெரும்பாடாக இருந்தது.

இனி என் பங்கைச் சொல்ல வேண்டும். இத்தனை வருடமாகியும் அதில் எனக்குத் தெளிவு இல்லை.

அப்பா தில்லிக்கு வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகியும் அவருடைய இந்தி காய்கறிக் கடையோடு நின்றுவிட்டிருந்தது. நர்ஸாக இருந்த அம்மாவுக்கு ஆஸ்பத்திரி இந்தி வரும். எங்கே வலிக்கிறது, மூச்சை இழு, திரும்பிப் படு, இவ்வளவுதான். தில்லியிலேயே பிறந்த எனக்கு நேர் மாறாக இந்தி தண்ணீர் பட்ட பாடு, தமிழ்தான் வீட்டுக்குள் மட்டும். ஆகவே எங்கே போனாலும் நான்தான் நடுவில் நின்று இங்கே கேட்டதை அங்கே சொல்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

ஒரு சனிக்கிழமை முக்காலியை எப்படியோ கரோல் பாகில் ரஃபீக் பாயின் பட்டறைக்குக் கொண்டு போனோம். ரஃபீக் பாய் நல்ல உயரம். வண்டியைச் சுற்றி வந்து பார்த்து, குனிந்து பார்த்து, கடைசியில் அப்பாவையும் பார்த்தார். இதை வைத்துக்கொண்டு கன்னியாகுமரி வரைக்கும் எதற்கு என்று கேட்டார். நான் அப்பாவிடம் கேட்டேன்.

"தர்மத்துக்கு ஓட்டுதோம்னு சொல்லுட்டி" என்றார் அப்பா.

"தரம் கே லியே" என்றேன் நான். எனக்கு இரண்டும் ஒரே சொல்தான். ஒன்று வீட்டுத் தமிழில், மற்றது தில்லி வாயில். ரஃபீக் பாய் கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்து, "கோன் ஸா தரம், பேட்டா?" என்றார்.

அப்பாவிடம் திரும்பி, "எந்தத் தர்மம்னு கேக்காரு" என்றேன்.

"எந்தத் தர்மமா? தர்மத்துல என்னட்டி எந்தத் தர்மம்? பிள்ளைங்களுக்குள்ள தர்மம்னு சொல்லு."

"பச்சோன் கா தரம்" என்றேன்.

ரஃபீக் பாய் கை துடைத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு "அச்சா, பச்சோன் கா தரம்" என்று மெதுவாகத் தனக்குள் சொல்லிப் பார்த்தார். "யே தோ நயா ஹை." இது புதிதாக இருக்கிறதே என்று அர்த்தம். அதன் பிறகு அவர் கூலியைப் பற்றிப் பேசவே இல்லை. கரோல் பாகில் திங்கட்கிழமை கடைகளுக்கு விடுமுறை. அந்தக் குளிர்காலத்தின் திங்கட்கிழமைகளை எல்லாம் அவர் எங்கள் வாசலுக்கே வந்து முக்காலிக்குக் கொடுத்தார். கீறல் விட்ட இடங்களில் பிசின் பூசினார், பிரேக்கை அடியோடு மாற்றினார், கதவுக்குப் புதுக் கீல் போட்டார். எஞ்சினைப் பற்றி மட்டும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "இஸ்கோ பியாஸ் பஹுத் லக்தி ஹை" என்பார். இதற்குத் தாகம் ரொம்ப எடுக்கும், வழியில் தண்ணீர் மட்டும் குறையக் கூடாது என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்புவார். வேலை முடியும் தறுவாயில் ஒரு திங்கட்கிழமை வண்டியின் முதுகில் மஞ்சள் பெயிண்டில், பெரிய இந்தி எழுத்தில், "பச்சோன் கா தரம்" என்று தன் கையாலேயே எழுதினார். அப்பாவுக்கு மிகுந்த சந்தோஷம். குழந்தைகள் தர்மம் என்று அவர் வாசித்துக்கொண்டார்.

அந்த எழுத்தைத் தெருவும் வாசித்தது. அதற்கு மறுநாளிலிருந்துதான் எனக்கு ஒன்றும் புரியாமல் போயிற்று. அதுவரை வண்டியைக் கேலி செய்தவர்கள் போகிற போக்கில் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பால்காரர் முன் சக்கரத்தில் எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோத்துக் கட்டிவிட்டுப் போனார். யாரோ கண்ணாடியின் மேல் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். அம்மா இரவு டியூட்டி முடிந்து வந்து மாலையைப் பார்த்துவிட்டு, "யாரு செத்தது?" என்று கேட்டாள்.

மாடி வீட்டில் குப்தா ஆண்டி இருந்தார். அவருடைய கணவர் காலமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஹரித்வாரிலிருந்து கங்கைத் தண்ணீரை ஒரு செப்புச் சொம்பில் அடைத்துக் கொண்டுவந்து வைத்து, எல்.டி.சி. என்கிற அரசாங்கப் பயணச் சலுகை கிடைத்ததும் ராமேஸ்வரம் போய்ச் சிவலிங்கத்துக்கு ஊற்றுவது என்று அந்தக் கணவர் நினைத்திருந்தாராம். விடுப்பு கிடைப்பதற்குள் அவர் போய்விட்டார். சொம்பு மட்டும் மாடியில் இருந்தது. ஒரு மாலை அலுவலகத்திலிருந்து வந்த அப்பாவை ஆண்டி படிக்கட்டிலேயே மறித்து, கைகூப்பி, நீளமாக ஏதோ கேட்டார். நான் அப்போது வெளியே விளையாடிக்கொண்டிருந்தேன். அப்பாவின் காதில் விழுந்தது ராமேஸ்வரம் என்ற ஒரு சொல்தான். ராமேஸ்வரம் எங்கள் ஊர்ப் பக்கமா என்று கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, "ஹாங் ஹாங், சவுத், சவுத்" என்று சிரித்திருக்கிறார். ஆண்டி ஓடிப்போய்ச் சொம்பைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்துவிட்டு அழுதிருக்கிறார்.

அப்பா அதை வீட்டுக்குள் கொண்டுவந்து, என்னைக் கூப்பிட்டு, மாடிக்குப் போய் இது என்னவென்று கேட்டு வரச் சொன்னார். நான் கேட்டு வந்து சொன்னதும் அம்மாவைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நம்ம வழியில ராமேஸ்வரமே இல்ல, கிரேஸ். நான் எப்படி இதக் கொண்டு போவேன்? சபையில கேட்டா என்னத்தச் சொல்லுவேன்?"

அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "தெரியாம வாங்கினாலும் வாங்கியாச்சுல்லா? அந்தப் பொம்பள ரெண்டு வருஷமா வச்சிருந்தத உங்க கையில தந்திருக்கா. கொண்டு போய்ச் சேத்திருங்க."

இதற்கெல்லாம் காரணம் நான்தான் என்பது அடுத்த வாரம்தான் எனக்குத் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், தந்தை பெயர், பிறகு "தர்ம்" என்று ஒரு கட்டம். அதில் என்ன எழுத என்று கேட்டேன். வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்து, நீ கிறிஸ்தவப் பெண்தானே, அதை எழுது என்றார். பேனாவை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்படியானால் அப்பா சொன்ன தர்மத்துக்கு இந்தியில் "தான்", அதாவது தானம், என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? ரஃபீக் பாய் எந்த மதம் என்றா கேட்டார்? பிள்ளைகளின் மதம் என்றா நான் பதில் சொன்னேன்? தெரு முழுக்க ஒரு தீர்த்த யாத்திரைக்கு அல்லவா மாலை போட்டிருக்கிறது? சொல்லிவிட வேண்டும் என்றுதான் வீட்டுக்கு ஓடினேன். வாசலில் ரஃபீக் பாய் சம்மணமிட்டு உட்கார்ந்து, கடைசித் திருகாணிகளை முறுக்கிக்கொண்டிருந்தார். சொன்னால் எழுந்து போய்விடுவாரா, ஆண்டி சொம்பைத் திருப்பிக் கேட்பாரா, அப்பா எல்லார் முன்னாலும் என்ன ஆவார் என்று ஒன்றும் பிடிபடவில்லை. தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். "ஷாபாஷ்" என்றார். சொல்லாமலே இருந்துவிட்டேன்.

சாணக்யபுரியின் அகலச் சாலையிலிருந்து வண்டிகள் புறப்பட்டன. முக்காலி கடைசி. அப்பாவும் சபையைச் சேர்ந்த சாம் மாமாவும் முழங்காலை மடக்கி உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் நடுவில், அம்மாவின் பழைய ஸ்வெட்டரில் சுற்றிய சொம்பு. போதகர் ஜெபம் பண்ணினார். ஆண்டி ஓரமாக நின்று தேங்காய் உடைத்தார். எந்தப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடுவது என்று தெரியாமல் நான் திறந்தபடியே நின்றேன்.

ஒரு மாதம் கழித்து அப்பா கருத்து, மெலிந்து, ரயிலில் வந்து இறங்கினார். முக்காலி போய்ச் சேர்ந்துவிட்டது என்றும் பிள்ளைகள் தாங்களாகவே ஏறி உட்கார்ந்தார்கள் என்றும் சொன்னார். சொம்பில் ராமேஸ்வரத்துக் கடல் மணல் இருந்தது. ஆண்டி முறைப்படி அந்த மணலைக் கொண்டுபோய் ஹரித்வாரில் கங்கையில் விட்டுவிட்டு வந்து, தெருவுக்கெல்லாம் லட்டு கொடுத்தார், வெறும் சொம்பை எங்களுக்கே கொடுத்துவிட்டார். என் பங்கு லட்டைத் தின்ன முடியாமல் நோட்டுப் புத்தகத்துக்கு அடியில் மறைத்துவைத்து, எறும்பு மொய்த்து, அம்மாவிடம் அடி வாங்கினேன்.

இப்போது அப்பா என்னோடு இருக்கிறார். அம்மா இல்லை. போன குளிர்காலத்தில் அவரைச் சரோஜினி நகருக்குக் கூட்டிப் போனேன். எங்கள் வரிசை குவார்ட்டர்ஸ் முழுவதையும் இடித்துவிட்டு அடுக்குமாடிகள் எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள். வாசல் எது, படிக்கட்டு எது என்று இருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. கரோல் பாகில் ரஃபீக் பாயின் பட்டறை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். பழைய வண்டிகளைத் தில்லிச் சாலைகளில் ஓட்ட இப்போது விடுவதும் இல்லை. மூன்று சக்கரக் கார் இருந்தது என்றால் என் மகள் நம்புவதில்லை; எங்களிடம் இருக்கிற ஒரே புகைப்படத்தில் முன் சக்கரத்தை மறைத்துக்கொண்டு நான் நிற்கிறேன்.

அன்று சரோஜினி நகரில் கட்டட வேலைக்கு வைத்த தகரத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தர்மம், தரம், பிள்ளைகளின் மதம். அப்பா இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"அனந்தபூருக்கு அங்கிட்டு ஒரு பொட்டக்காடு. மத்த வண்டியெல்லாம் முன்னால போயிட்டு. எஞ்சின் கொதிச்சுப் புகையுது. ரெண்டு கேன் தண்ணியும் தீந்துட்டு. மத்தியானம் பூரா நின்னோம், ஒரு ஈ காக்கா கூட வரல்ல. சாம் சொம்பப் பாத்தான். நான்தான் ஊத்துனேன்."

அப்பா தகரத் தடுப்பில் கையை ஊன்றிக்கொண்டார்.

"எல்லாத்தையும் ஊத்தல்ல. அடியில ரெண்டு சொட்டு கெடந்தது. வண்டிய ஒப்படைச்சிட்டு, அத எடுத்துட்டு ரயிலேறி ராமேஸ்வரம் போனேன். அங்க கோயில்ல குடுத்தேன். மணல் அங்க உள்ளதுதான். ஆனா ரெண்டு சொட்டு போதுமாட்டி? நான் எந்தச் சபையில போய்க் கேக்க?"

அதிலிருந்து எனக்கும் தூக்கம் சரியில்லை. குப்தா ஆண்டி துவாரகாவில் மகன் வீட்டில் இருக்கிறார், வயது தொண்ணூறை நெருங்குகிறது. சொல்லிவிடுவது என்றுதான் போன மாதம் போனேன். என்னை அடையாளம் கண்டுகொண்டு, கையைப் பிடித்து, பக்கத்தில் உட்காரவைத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்: "பேட்டா, ஹமாரா பானி பஹுஞ்ச் கயா தா நா?" எங்கள் தண்ணீர் போய்ச் சேர்ந்ததல்லவா?

"ஹாங், ஆண்டி," என்றேன். "பஹுஞ்ச் கயா தா."

போய்ச் சேர்ந்தது என்று இந்தியில்தான் சொன்னேன். இதையே அப்பா தமிழில் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.