கட்டாத கம்பி

குரோம்பேட்டையில் சண்டை மாஸ்டர் வீட்டிலிருந்து இறங்கி நடந்தவன், சானடோரியம் ஸ்டேஷன் பக்கம் வந்தபோதுதான் காலில் செருப்பு இல்லை என்பதைக் கவனித்தேன். ரோட்டோரத்து ஜல்லி குத்தியபோதுதான் தெரிந்தது. திரும்பிப் போய் எடுக்க மனம் வரவில்லை. அங்கே என் செருப்புக்குப் பக்கத்திலேயே என் நண்பனுடைய செருப்பும் கிடக்கும். அவன் இன்னும் உள்ளேதான் இருந்தான். கழுத்திலிருந்து துணியில் தொங்கிய என் இடது கை, எட்டு வைக்கும்போதெல்லாம் ஆடி வலித்தது. தாம்பரம் பக்கமாகவே நடந்தேன்.

நான் எட்டாவதோடு நின்றவன். லாரியில் கிளீனர், கல்யாண மண்டபத்தில் இலை எடுப்பது, பம்மல் தோல் கிடங்கில் உப்புத் தட்டுவது என்று பல வேலை பார்த்தேன். எதிலும் ஒரு வருஷம் முழுசாக நின்றதில்லை. தொண்ணூறுகளின் நடுவில் பம்மலில் அவனும் நானும் ஒரே அறையில் இருந்தோம். சினிமாச் சண்டைக் காட்சிகளில் ஆட்களைத் தூக்கி இறக்கக் கம்பி இழுக்கும் கோஷ்டியில் அவன் வேலை செய்தான். மெல்லிய இரும்புக் கம்பிதான், ஆனால் அவர்கள் அதை ரோப் என்றுதான் சொல்வார்கள். என் உயரமும் தோளும் ஒரு கதாநாயகனுக்குப் பொருந்தியதால், அவருக்கு டூப் போட என்னையும் அழைத்துப் போனான்.

முன்பெல்லாம் கம்பிக்கு மை பூசி, புகை போட்டு மறைப்பார்களாம். நான் போனபோது கம்ப்யூட்டர் வந்திருந்தது. ஒரு செகண்டுக்கு இருபத்துநாலு படம். ஒவ்வொரு படத்திலும் கம்பி ஓடும் இடத்தை அழித்து, பின்னால் இருக்கும் சுவரைக் கொண்டு அதை நிரப்புவார்கள். அதற்காகவே ஆள் இல்லாத வெறும் சுவரைத் தனியாக ஒருமுறை படம் எடுத்துக்கொள்வார்கள். முதல் நாள் அதைப் பார்த்தபோது, கேமராவை நிறுத்த மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

மார்கழியில் பம்மலில் மூடிக்கிடந்த ஒரு தோல் தொழிற்சாலையில் ஷூட்டிங் நடந்தது. மூன்றாவது மாடியிலிருந்து கதாநாயகன் குதிக்க வேண்டும். கற்பூரம் கொளுத்தி, பூசணிக்காய் உடைத்து, கம்பி கட்டி என்னை இறக்கினார்கள். மூன்று முறை இறங்கினேன். மூன்று முறையும் கிணற்றில் வாளி இறங்குவதுபோல் இருந்தது என்று டைரக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாஸ்டர் என் நண்பனைத் தனியே கூப்பிட்டு ஏதோ சொன்னார். அவன் மேலே ஏறி வந்தான்.

"மச்சான், ரோப் இல்லாம வுயுந்துடு."

"இன்னாடா சொல்ற?"

"கீய அட்டப்பொட்டி அடுக்கி மெத்த போட்டுகீது. நாந்தான் அடுக்குனேன். ரோப் இல்லன்னா கம்ப்யூட்டர்ல அழிக்கற வேலயே இல்ல. பொங்கலுக்கு ரிலீஸு, அவுங்களுக்கு டைம் கெடயாது. நீ வுயுந்தன்னா மாஸ்டரு உனுக்குக் கார்டு வாங்கித் தர்றாராம்."

"நீ கீய நிப்பியா?"

"நிப்பேன். கண்ண மூடிகினு நிப்பேன்."

கார்டு என்றால் சண்டைக் கலைஞர்கள் சங்கத்தின் உறுப்பினர் அட்டை. அவனிடமும் அது இல்லை. அது இருந்தால்தான் தொடர்ந்து வேலை. அடிபட்டால் கேட்க ஆள் இருக்கும். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. ஓர் இடத்தில் நிற்க வேண்டும் என்ற ஆசை அதற்கு முன் எனக்கு வந்ததில்லை. கார்டு என்ற சொல்லைக் கேட்டதும் வந்துவிட்டது. இடுப்பில் கட்டியிருந்த கம்பியை நானே அவிழ்த்தேன்.

விழுந்தேன். மெத்தையின் ஓரத்தில் பட்டு இடது தோள் இறங்கிவிட்டது. எல்லோரும் கைதட்டியது கேட்டது. புத்தூர் கட்டுப் போட்டுக்கொண்டு அறையில் கிடந்தேன். அத்தனை நாளும் எனக்குச் சட்டை மாட்டிவிட்டதும், தலை சீவிவிட்டதும், டீக்கடையிலிருந்து இட்லி வாங்கி வந்து பிட்டு வைத்ததும் அவன்தான்.

பொங்கலுக்குப் படம் வந்தது. தாம்பரத்தில் இருவரும் போய்ப் பார்த்தோம். நான் விழும் இடத்தில் தியேட்டர் முழுக்க விசில். என் முதுகும் நான் விழுவதும் பெரிதாகத் தெரிந்தன. பின்வரிசையில் ஒரு கல்லூரி மாணவன் பக்கத்திலிருந்தவனுக்கு விளக்கிக்கொண்டிருந்தான்.

"இது ஃபுல்லா கிராபிக்ஸ் மச்சி. ஆளே கிடையாது. டைரக்டரே பேட்டியில சொல்லியிருக்காரு."

நான் திரும்பினேன். என் நண்பன் என் தொடையை அழுத்தினான்.

"வுடு மச்சான். கார்டு வரட்டும், அப்பால எல்லார்கிட்டயும் சொல்லிக்கலாம்."

அடுத்த வாரம் மாஸ்டர் வீட்டுக்குச் சங்கத்திலிருந்து இருவர் வரப்போகிறார்கள், என்னைப் பார்க்க வேண்டுமாம் என்று அவன் வந்து சொன்னான். கார்டு விஷயம்தான் என்று நினைத்தேன். சட்டையை இஸ்திரி போட்டு வாங்கி வந்தேன். காலையில் அவன்தான் பொத்தான் போட்டு, கையைத் துணியில் தொங்கவிட்டு முடிச்சும் போட்டான்.

வந்திருந்தவர்களில் வயதானவர் நேராகக் கேட்டார்.

"அந்த ஜம்ப்பு நீ அட்ச்சதா? ரோப் கட்டியா, கட்டாமலா?"

"கட்டாமதான்ணே," என்றேன். சொல்லும்போது சிரித்தேன் என்று நினைவு.

அவர் மாஸ்டர் பக்கம் திரும்பினார். "கார்டு இல்லாதவன ரோப் இல்லாம எறக்குனா மாஸ்டருக்கு வருசம் பூரா வேல கெடயாது. உனுக்குத் தெரியாதா?"

எனக்குத்தான் தெரியாது. நான் தகுதி என்று நினைத்துச் சொன்னது அவர்மேல் புகாராகப் போய்விட்டது. மாஸ்டர் பதறவில்லை.

"ரோப் கட்டித்தான்ணே எறக்குனோம். இவன் சைக்கிள்லேர்ந்து வுயுந்துட்டு வந்து கத வுட்றான்."

"படத்துல ரோப் தெரியலியே."

"அதான்ணே கம்ப்யூட்டரு."

அழித்த கம்பியும் கட்டாத கம்பியும் திரையில் ஒரே மாதிரிதான். இருபத்துநாலு படத்தையும் ஒவ்வொன்றாக விரித்து வைத்தாலும், நான் வெறும் உடம்போடு விழுந்தேன் என்று அதில் காட்ட முடியாது. கம்பி கட்டி இறங்கிய மூன்று முறையும் எடுத்த படச்சுருள் அவர்களிடம் இருந்தது. அன்று கைதட்டியவர்கள் எல்லோரும் மாஸ்டரையும் கம்பெனியையும் நம்பிப் பிழைப்பவர்கள். கீழே நின்ற என் நண்பன் ஒருவன்தான் எனக்கு மிச்சம். வயதானவர் அவனைத்தான் கேட்டார்.

"நீதான ரோப் இழுக்கறவன்? நீ சொல்லுப்பா."

அவன் காலையில் தான் போட்ட முடிச்சைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை.

"கட்டுனோம்ணே. நாந்தான் இழுத்தேன். அப்பால அழிச்சிட்டாங்க."

"மச்சான்," என்றேன்.

"நீ வூட்டுக்குப் போ. நான் வந்து பேசறேன்."

கூட வந்திருந்த மற்றவர், பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பார்த்துவிட்டு அவனிடம் கேட்டார்: "உன் கார்டுக்கு போட்டோ ரெண்டு குட்த்துட்டியா?"

"போன வாரமே குட்த்துட்டேன்ணே."

போன வாரம் என்றால் நாங்கள் தியேட்டரில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த வாரம். அப்போதுதான் எழுந்து வந்தேன்.

அவன் வந்து என்ன பேசியிருப்பான் என்று எனக்குத் தெரியாது. நான் பம்மல் அறைக்குப் போகவே இல்லை. அங்கே இரண்டு சட்டையும் ஒரு போர்வையும் விட்டிருந்தேன். மாஸ்டர் மீது எனக்குப் பெரிய கோபம் வரவில்லை. அவர் யாரோ, தன் பிழைப்பைப் பார்த்துக்கொண்டார். இவன் இட்லி பிட்டு வைத்தவன். எது பொய், எப்போது தொடங்கியது என்று நடந்தபடியே எண்ணிப் பார்த்தேன். அட்டைப்பெட்டி அடுக்கியபோதா, முடிச்சுப் போட்டபோதா? பிடிபடவில்லை. தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கினேன். ஸ்டேஷனில் படுத்துக்கொண்டேன்.

காலையில் செங்கல்பட்டு வண்டியில் ஏறினேன். சாப்பாட்டு டப்பாவோடு நிறையப் பேர் சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கினார்கள், நானும் இறங்கினேன். அவர்கள் பின்னாலேயே போய் நாலு பட்டறையில் கேட்டேன். கையில் இருந்த கட்டைப் பார்த்து மூன்றில் வேண்டாம் என்றார்கள். நாலாவது, குழாய்க்கு மூட்டுகள் கடையும் லேத் பட்டறை. மேஸ்திரி கையைப் பார்த்தார்.

"இன்னா ஆச்சு?"

"மூணாவது மாடிலேர்ந்து வுயுந்துட்டேன் சார்."

"கட்டட வேலையா?"

"ஆமா சார்."

அவர் என்னை உள்ளே கூட்டிப்போனார். மூலையில் பித்தளைத் துருவல் குவிந்து கிடந்தது. அதில் இரும்பும் கலந்துவிட்டிருந்தது. ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டிக் கொடுத்து, இரும்பை மட்டும் தனியே எடுக்கச் சொன்னார். ஒரு கையால் செய்யக்கூடிய வேலை அங்கே அது ஒன்றுதான். கவிழ்த்துப் போட்ட ஒரு டின்மேல் உட்கார்ந்து ஆரம்பித்தேன்.