புளியில் போன முகம்

மருமகள் விளக்குத் தேய்க்கும் புளி வாசனை வந்தாலே நான் எழுந்து திண்ணைக்குப் போய்விடுகிறேன்.

அப்பா பழங்காசு சேர்ப்பவர். குந்தாரப்பள்ளிச் சந்தையில் வாங்கிய ரோமாபுரிக் காசு ஒன்று, பிற்காலத்துக் கலப்பு வெள்ளி, அவர் பெட்டியில் வெற்றிலைபோல மெல்லிசாகக் கறுத்துக் கிடந்தது.

"புளியோட கிட்ட வராத! மூஞ்சி தேஞ்சிட்டா எந்த ராசா காலம்னு எப்பிடித் தெரியும்?" என்பார் அம்மாவிடம்.

"அந்த ராசாவா வந்து கஞ்சி ஊத்தப் போறான்?" என்பாள் அம்மா.

மூன்றே நாள் காய்ச்சலில் அப்பா போய்விட்டார். நெற்றியில் வைக்க அம்மா அந்தக் காசைத்தான் எடுத்தாள். "அவருக்குப் புடிச்ச காசு, அழுக்கோடவா வெக்கிறது?" என்று அழுதபடியே புளி போட்டுத் தேய்த்தாள். குழியில் இறக்குமுன் சித்தப்பா அதை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

இன்றும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஓரத்தில் நான்கு எழுத்துகள் இருக்கின்றன. முகம் இல்லை. எந்த ராசா காலம் என்று எழுபத்தொரு வயதிலும் அந்த நான்கு எழுத்தை வைத்துத் தேடிக்கொண்டிருக்கிறேன்.