அண்ணா ஹை க்யா?

புனேயில் தமிழ்ப் படம் பார்ப்பதில் ஒரு விசேஷம் உண்டு. கைதட்டல் எப்போதும் இரண்டு தடவை விழும். ஹிஞ்சேவாடி ஐ.டி. கம்பெனிகளில் தங்களோடு வேலை பார்க்கிற இந்திக்கார, மராத்திக்கார நண்பர்களையும் நம் ஆட்கள் இழுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். அவர்கள் திரையின் அடியில் ஓடும் ஆங்கில வரியைப் படித்துவிட்டு, நடிகர் வாயை மூடுவதற்குள் கைதட்டிவிடுவார்கள். காதால் கேட்கிற நாங்கள் அப்புறம் தட்டுவோம். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற என் மகள் முதல் கோஷ்டி. தமிழ் பேசுவாள், தட்டுத் தடுமாறி. எழுத்து சுத்தமாக வராது.

போன மாதம் வந்த ஒரு போலீஸ் படத்துக்கு, ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு, அவளையும் என் அண்ணனையும் நான்தான் காரில் அழைத்துப் போனேன். அண்ணன் என்னைவிட ஐந்து வயது மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாபோடியில் அப்பா விட்டுப்போன வீட்டில் தனியாக இருக்கிறார். ஔந்தில் ஃப்ளாட் வாங்கிக்கொண்டு வந்துவிட்ட எனக்கு, மாதம் ஒரு தடவை அவரை எங்காவது வெளியே கூட்டிப்போனால்தான் சாப்பாடு இறங்கும். என்ன படம் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. விமர்சனத்தில் "செம வேகம், ஒரு நிமிஷம்கூட போர் அடிக்கவில்லை" என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே என்ன போட்டிருந்தது என்று படிக்கிற பொறுமை எனக்கு எந்தக் காலத்தில் இருந்தது?

வேகம்தான், பொய் சொல்லக்கூடாது. முதல் அரை மணி நேரத்தில் இரண்டு கொலை. இடைவேளைக்கு முன்னால் கதாநாயகப் போலீஸ் ஒருவனைத் தூக்கி வந்து, ஜன்னல் இல்லாத அறையில் பெஞ்சில் குப்புறப் படுக்கவைத்து, உள்ளங்காலில் அடிக்கிறார். "சொல்றியா, சொல்ல வைக்கட்டுமா?" என்கிறார். அரங்கமே அதிர்ந்தது. எழுத்தைப் படித்தவர்கள் கத்தினார்கள், அப்புறம் கேட்டவர்கள் கத்தினார்கள். பின்வரிசையில் ஒருவர், "இன்னும் நாலு போடு சார்!" என்றார். நானும் விசிலடித்தேன். ஆமாம், நான்தான், ஐம்பதை நெருங்குகிற மனுஷன், இரண்டு விரலை வாயில் வைத்து.

விரலை எடுத்துவிட்டுத் திரும்பியபோதுதான் அண்ணனைப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கி, சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளங்கால்களைக் கையால் மூடியிருந்தார்.

எப்படி மறந்தேன்?

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. அண்ணன் ஒரு கம்பெனியில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து உள்ளறையில் படுத்திருந்தார். அப்பா ஃபேக்டரிக்குப் போயிருந்தார், அம்மா ரேஷன் கடையில். மதியம் மூன்று மணிக்கு, சாதாரணச் சட்டை போட்ட இரண்டு பேர் வாசலில் வந்து நின்றார்கள்.

"அண்ணா ஹை க்யா?" என்று இந்தியில் கேட்டார்கள், அண்ணா இருக்கிறாரா என்று.

அண்ணனுடைய கம்பெனி ஆட்கள் என்று நினைத்தேன். "ஹாங், அந்தர் சோ ரஹா ஹை" என்றேன். உள்ளே தூங்குகிறார் என்று, வழியை வேறு விட்டேன்.

இந்தப் பக்கத்தில் தெற்கத்தி ஆள் எவனாக இருந்தாலும் 'அண்ணா'தான். இட்லி வண்டிக்காரர் அண்ணா, லுங்கி கட்டியவன் அண்ணா. மஃப்டியில் இருந்த அந்தப் போலீஸ்காரர்கள் தேடி வந்தது ஒரு குடோன் திருட்டில் 'அண்ணா' என்று கூப்பிடப்பட்ட யாரோ ஒருவனை. என் வீட்டிலோ அந்தச் சொல்லுக்கு ஒரே ஆள்தான். அவரைச் சட்டைகூடப் போடவிடாமல் இழுத்துக்கொண்டு போனார்கள்.

அப்பா மூன்று நாள் அலைந்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் அண்ணனே நடந்து வந்தார். பாதம் வீங்கி, செருப்பு நுழையவில்லை. நிஜமான ஆள் வேறெங்கோ மாட்டிக்கொண்டானாம், அப்பாவிடம் யாரோ சொன்னார்கள். அந்தப் பேச்சையே வீட்டில் எடுக்கக் கூடாது என்று அப்பா உத்தரவு போட்டார். ஆனால் அம்மா விடவில்லை. "எவன்டா என் புள்ளையைக் காட்டிக் கொடுத்தான்?" என்று தெருவையே சபித்தாள். கடைசியில் எதிர்வீட்டுக்காரர்மேல் சந்தேகம் விழுந்தது. சாகும்வரை அந்த வீட்டோடு அவள் பேசவில்லை. நான் வாயே திறக்கவில்லை, அந்த மூன்று நாளும் சரி, அதற்கப்புறமும் சரி.

இடைவேளையில், "போலாமாண்ணா?" என்று கேட்டேன். "கொழந்த பாக்குது, இருக்கட்டும்" என்றார்.

இரண்டாம் பாதியில் இன்னொன்று காத்திருந்தது. கூட்டாளியைப் போலீஸிடம் காட்டிக்கொடுத்த ஒருவனைக் கும்பல் துரத்திப் பிடித்துக் கழுத்தை அறுக்கிறது. அரங்கத்தில் ஒருவர்கூட அவனுக்காக 'உச்' கொட்டவில்லை. "போடு அவனை, துரோகி நாய!" என்று யாரோ கத்த, சிரிப்பும் கைதட்டலுமாக இரண்டு அலை எழுந்தது. என் மகளும் தட்டினாள். அவள் கையைப் பிடித்து நிறுத்த நினைத்தேன். என்ன சொல்லி நிறுத்துவது?

படம் முடிந்து கீழே வந்து, சாப்பாட்டுக் கடைகள் இருக்கிற தளத்தில் வடாபாவும் டீயும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். பக்கத்து மேஜைகளிலும் இதே படப் பேச்சுதான். மகளுக்கு இன்னும் முகம் ஜொலித்தது.

"பெரியப்பா, அந்த அடிக்கிற சீன் ஏக்தம் பாரி இல்ல?" என்றாள். இங்கத்துப் பிள்ளைகளுக்கு 'ஏக்தம் பாரி' என்றால் படு பிரமாதம்.

அண்ணன் டீயை ஊதினார். "அப்பிடி அடிச்சா அவ்ளோ கத்த முடியாதும்மா. மொதல்ல நாலு அடிக்குத்தான் சத்தம் வரும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் சொன்னார். இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாததை, ஏதோ ரயிலைத் தவறவிட்ட கதை மாதிரி, நாலே வாக்கியத்தில் சொன்னார். மகள் வடாபாவைக் கீழே வைத்துவிட்டாள். அவள் கண் நிறைந்தது.

"யாரு உங்களைக் காட்டினது? படத்துல வந்தானே, அவன் மாதிரி யாராவதா?"

"யாரும் இல்லம்மா. அவுங்களா வந்தாங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவருக்குத் தெரியும்.

"நான்தாம்மா" என்றேன். "அண்ணா இருக்காரான்னு கேட்டாங்க. உள்ள தூங்கறாருன்னு சொன்னேன்."

அண்ணன் டம்ளரை வைத்தார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது குறைவு. "எனக்குத் தெரியும்டா. நான் முழிச்சிக்கினுதான் இருந்தேன். அம்மாகிட்டகூட சொல்லல. இப்ப இன்னாத்துக்கு புள்ள எதிர்ல சொன்ன? நீ இன்னா வேணும்னேவா சொன்ன? கேட்டாங்க, சொன்ன. வுடு."

இவ்வளவு லேசாக மன்னித்துவிட்டாரே என்று அழுகை வந்தது. மகள்தான் விடவில்லை. தமிழ் வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துக் கேட்டாள்.

"மூணு நாள் ஆச்சே, அப்பா. நீங்க போய், 'இது வேற அண்ணா, நான் தப்பா சொல்லிட்டேன்'னு சொன்னீங்கதானே?"

"சொல்லாம?" என்றார் அண்ணன், நான் வாயைத் திறப்பதற்குள். "அவன் வந்து சொல்லித்தான் வுட்டாங்க."

பொய் சொல்லியிருக்கலாம். அவரே வழி விட்டுக் கொடுத்திருந்தார். ஆனால் மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லண்ணா. பயமா இருந்துச்சு. நான் எங்கயும் போகல."

"வுடறப்போ, 'தூ வோ அண்ணா நஹீ ஹை'ன்னு சொன்னாங்க" என்றார் அண்ணன் மெதுவாக. "நீ அந்த அண்ணா இல்லன்னு. அந்த 'அண்ணா' கொழப்பம் உனக்கும் எனக்கும்தானே தெரியும்? நீதான் வந்து சொன்னேன்னு இத்தினி வருசமா நெனச்சிக்கினு..."

எழுந்து பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார். என் மகளும் பையை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனாள்.