வாசலை அடைத்த தாப்பிர்

மலேசியாவில் ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருந்தபோது, குளுவாங் டவுனிலிருந்து ஒரு சீன அக்கா படம் வரையக் கற்றுக்கொடுக்க வருவார். தமிழும் மலாயும் கலந்து பேசுவார். கோயில் கொட்டகையில் பாய் விரித்து எல்லாரையும் உட்காரவைப்பார். ஒரு வாரம் கொசு, ஒரு வாரம் காட்டு மிருகம். ரப்பர் பால் பிடிக்கும் கோப்பையில் மழைத்தண்ணீர் தேங்கினால் கொசு வரும் என்பதை நான் வரைந்துதான் தெரிந்துகொண்டேன். பள்ளிக்கூடம் போகாதவனுக்குப் பென்சில் பிடிக்கக் கிடைத்ததே அங்கேதான். சரி, கொசு கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது தாப்பிர் என்கிற காட்டு மிருகத்தைப் பற்றி. முன்பாதி கரி, பின்பாதி வெள்ளை, கால் நாலும் கரி, துதிக்கை மாதிரி சின்ன மூக்கு. பனியில் நின்றால் பாதி மிருகம்தான் தெரியும்.

அப்பா காட்டோரத்தில் பன்றிக்குக் கம்பிக் கண்ணி வைப்பார். அதில் ஒரு தாப்பிர் மாட்டி, காலைக் கிழித்துக்கொண்டு ஓடிவிட்டது.

"அலமாக், பாவம் லா அண்ணே," என்றார் அக்கா.

"நான் பன்னிக்குத்தான் வெச்சேன். அது வந்து மாட்டுனா நான் என்னா செய்ய?"

என் தம்பி காய்ச்சலில் போனதிலிருந்தே அம்மா எதையும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அக்காவின் வகுப்பில் மட்டும் எங்களோடு உட்கார்ந்து வரைந்து, கடைசி ஆளாக எழுந்திருப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில், கம்பிச் சுருளும் கையுமாக அப்பா கதவைத் திறந்தார். வாசலை அடைத்துக்கொண்டு ஒரு தாப்பிர் படுத்திருந்தது. கோலமாவாலும் அடுப்புக்கரியாலும் அம்மா வரைந்தது. மரங்களுக்குள்ளிருந்து பனி வந்து அதன்மேல் நகர்ந்தபோது அது மூச்சு விடுவதுபோல இருந்தது. வெள்ளை வயிற்றுக்குள் இன்னொன்று, வரிவரியாக, சுருண்டு தூங்கும் ஒரு குட்டி.

"என்னா இது, கால வெக்கக்கூட எடமில்ல" என்று அப்பா சிரித்தார். பிறகு குட்டியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா கரிக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

தண்ணீர் பிடிக்க வந்த பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்தார்.

"ஐயையோ, அண்ணே! பொண்டாட்டி முழுகாம இருக்கறப்ப எந்த ஆம்பளயாவது உசுரக் கொல்லப் போவானா? போங்க, வெச்சதெல்லாம் அவுத்துட்டு வாங்க!"

அப்பா சுவரோடு ஒட்டி, ஒரு கோடும் அழியாமல் இறங்கிப் போனார். பனிக்குள் அவர் முதுகு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது.

எனக்கு அத்தை பேச்சில் கவனமில்லை. அக்கா காட்டிய தாப்பிருக்கு வயிறு முழுக்க வெள்ளைதான். அம்மா தப்பாக வரைந்துவிட்டாள், அதனால்தான் அப்பா முகம் மாறிப் போகிறார் என்று நினைத்து, ஒரு பிடி மாவை அள்ளிக் குட்டியை மூடப் போனேன். அம்மா என் கையில் ஓங்கி ஒன்று வைத்தாள். மறுகணமே என்னை இழுத்துத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். தப்பைத் திருத்தப் போனவனை ஏன் அடித்தாள், அடித்துவிட்டு ஏன் அழுகிறாள் என்று, அந்தச் சேலையில் முகம் புதைத்தபடியே யோசித்துக்கொண்டு நின்றேன்.