சகுந்தலா வண்டியில் கேஸ் நிற்கவில்லை

"கேஸ் தீந்துடுச்சு, போட்டு உடு" என்று வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துபவர்களுக்கு ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. கார் ஏசியில் கேஸ் தீராது. அது பெட்ரோல் இல்லை. குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். குறைந்தால் எங்கோ லீக். லீக்கை அடைக்காமல் கேஸ் போடுவது காசைக் காற்றில் விடுகிற வேலை. ஊருக்கெல்லாம் இப்படி உபதேசம் பண்ணுகிற நானே, சகுந்தலா வண்டிக்கு இரண்டு தடவை வெறுமனே கேஸ் போட்டு அனுப்பினேன். வேலை நெருக்கடி என்று சாக்குச் சொல்லலாம். சோம்பேறித்தனம் என்பதுதான் நிஜம்.

சகுந்தலா முகத்துவாரக்குப்பத்துக்காரர். சொந்த டாக்சியைத் தானே ஓட்டுகிறார். மே மாதத்து வெள்ளிக்கிழமை மதியம், திருவொற்றியூரில் உள்ள என் பட்டறைக்கு மூன்றாவது முறையாக வந்து இறங்கினார்.

"இன்னாண்ணே, ஏசியப் போட்டா அனல் அடிக்குது. ரெண்டு தபா போட்டியே கேஸு, அது எங்க போச்சு?"

"பாத்துடலாம்மா. வண்டிய வுட்டுட்டுப் போ, திங்கக்கிழமை வா."

"திங்கக்கிழமையா? நாளைக்குக் காலைல பேத்தியக் கூட்டியாரணும்ணே."

அவர் மகளுக்கு ஏழாம் மாதமே பிரசவமாகிவிட்டது. குழந்தை ஒரு மாதமாக ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. மறுநாள் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பிஞ்சு நுரையீரல், தூசியும் புகையும் படவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, அனல்மின் நிலையச் சாம்பல் காற்றில் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும், அது எப்பேர்ப்பட்ட நிபந்தனை என்று.

"கண்ணாடிய ஏத்துனா புள்ள வெந்துடும். எறக்குனா சாம்பலு. நான் இன்னாதான் பண்றது?"

"ஒரு நாளைக்கு வேற வண்டி புடிச்சுக்கோயேன்."

அவர் பார்த்த பார்வையில் நான் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன். "குப்பத்துல எத்தினி புள்ளைங்கள ஆஸ்பத்திரிலேருந்து வூட்ல கொண்டாந்து எறக்கிகீறேன் தெரியுமா? எம் பேத்தி அடுத்தவன் வண்டில வரணுமா?"

சரியென்று வேலையில் இறங்கினேன். போன முறை கேஸோடு கொஞ்சம் டை, அதாவது லீக்கைக் காட்டும் சாயம், கலந்துவிட்டிருந்தேன். லீக் இருக்கும் இடத்தில் அது எண்ணெயோடு கசிந்து வெளியே வரும். யூவி லைட் அடித்தால் பச்சையும் மஞ்சளுமாக ஒளிரும். லைட்டு அப்போதுதான் வாங்கியது. அதை யாரிடமாவது காட்ட மாட்டோமா என்று கை பரபரத்துக்கொண்டிருந்த நேரம். ஷட்டரை இறக்கி இருட்டாக்கி, அதோடு கொடுத்த மஞ்சள் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு, கிரில் வழியாக உள்ளே அடித்தேன். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சர் முழுக்கப் பளபளவென்று மின்னியது.

"பாத்தியா? கடல் காத்து அரிச்சுடுச்சு. நம்ம ஏரியாவுல மொதல்ல போறதே கண்டென்சர்தான். மாத்தணும். ஸ்பேர் வர ரெண்டு நாளாவும்."

சகுந்தலா அங்கே கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். எனக்கே பாவமாகிவிட்டது. கிரில்லில் மின்னிய நிறத்தையே உற்றுப் பார்த்துவிட்டு, "அண்ணே, அந்த லைட்ட அப்டியே பானெட்டு மேல அடி" என்றார்.

அடித்தேன். பானெட் விளிம்பும் மின்னியது. நம்பர் பிளேட் மின்னியது. சகுந்தலா எழுந்து வந்து, தன் கையை லைட்டுக்குக் கீழே நீட்டினார். விரல் இடுக்கெல்லாம் அதே பச்சை மஞ்சள்.

"அப்ப எனக்கும் கேஸ் லீக்கா?"

விஷயம் இவ்வளவுதான். வெள்ளிக்கிழமை காலையில் வண்டி முகப்புக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்துப் பொட்டு வைப்பது அவர் வழக்கம். யூவி லைட்டில் மஞ்சளும் அதே மாதிரிதான் மின்னும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மஞ்சளுக்குப் போய்க் கண்டென்சர் மாற்றப் பார்த்த ஒரே மெக்கானிக் நானாகத்தான் இருப்பேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

முகப்பை நன்றாகக் கழுவினேன். ஏசி குழாய்க்குள் நைட்ரஜன் ஏற்றி, பழையபடி சோப்பு நுரையை எடுத்தேன். லீக் இருந்தால் நுரை முட்டை விடும். கண்டென்சரில் ஒரு முட்டைகூட வரவில்லை. கம்ப்ரஸர் ஜாயின்ட்டிலும் இல்லை, ஹோஸிலும் இல்லை. கடைசியாக, கேஸ் ஏற்றுகிற வாயின் மூடியைக் கழற்றி நுரையை வைத்தேன். சின்னதாக ஒரு முட்டை கிளம்பி, மெதுவாகப் பெருத்து, உடைந்தது. உள்ளே இருக்கும் ஊசி மாதிரியான பின் வால்வு சரியாக உட்காரவில்லை. நான் கேஸ் போட்ட வழியாகவேதான் அத்தனை கேஸும் வெளியே போயிருக்கிறது.

மறைத்திருக்கலாம். மனசு கேட்கவில்லை, சொல்லிவிட்டேன்.

"அப்ப காவக்காரனே கதவத் தொறந்து வுட்டுகீறான்" என்றார் சகுந்தலா.

நைட்ரஜனை இறக்கிவிட்டு வால்வை மாற்ற ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சி வேக்கம் போட்டு அரை மணி நேரம் கேஜ் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம். முள் அசையவில்லை, இனி லீக் இல்லை. கேஸை எடை பார்த்து ஏற்றினேன். ஏசியைப் போட்டதும் சகுந்தலா இரண்டு கையையும் காற்றுக்கு நேரே நீட்டி, "ஜில்லுனு கீதுண்ணே" என்றார். அந்த முகத்தைப் பார்க்கத்தான் இந்தத் தொழிலில் இருக்கிறேன்.

இதைப் படிக்கும் மெக்கானிக் தம்பிகளுக்கு: லீக் தேடும் முன்பு வண்டியைக் கழுவுங்கள். வெள்ளிக்கிழமை என்றால் இரண்டு தடவை கழுவுங்கள். பிறகு, உங்கள் கை பட்ட இடத்திலிருந்து தேட ஆரம்பியுங்கள். பழியைக் கடல் காற்றின் மேல் போடுவது சுலபம், அது திருப்பிப் பேசாது.

மறுநாள் பதினோரு மணி இருக்கும். பட்டறை வாசலில் ஹாரன் கேட்டது. சகுந்தலாவின் வண்டி, நான்கு கண்ணாடியும் ஏற்றியபடி. பின் சீட்டில் மகள், மடியில் துணிச்சுருள். ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டி, இறக்கச் சொல்லிக் கை காட்டினேன். சகுந்தலா மாட்டேன் என்று விரலை ஆட்டினார். உடனே என் செல்போன் அடித்தது.

"கண்ணாடி எறங்காதுண்ணே. அங்கேருந்தே பாத்துக்கோ."

மகள் துணியை விலக்கிக் குழந்தையைக் கண்ணாடி அருகே தூக்கிக் காட்டினாள். என் உள்ளங்கை அளவு முகம். வாயைத் திறந்து ஒரு கொட்டாவி விட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு கன்டெய்னர் லாரி கடந்து போக, தலை முதல் கால் வரை எனக்குப் புழுதி. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். உள்ளே அது நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.