மாலை போட்ட மோட்டார்

தொண்ணூற்றேழாம் வருஷத்தில் மண்ணூர்பேட்டைப் பக்கம் வந்து வெறும் உத்தமன் என்று கேட்டால் யாரும் வழி சொல்ல மாட்டார்கள். கம்ப்யூட்டர் உத்தமன் என்று கேட்க வேண்டும். அந்தப் பெயரை அவனே டீக்கடையில் நாலு பேரிடம் சொல்லிச் சொல்லிப் பரப்பினான்.

அவன் அப்பா அடுத்தவர் கழனியில் நாற்று பிடுங்கியவர். அந்தக் கழனிகள் எல்லாம் தொழிற்பேட்டை ஆகிவிட்டன. உத்தமன் கஜபதியின் பட்டறையில் சேர்ந்தான். கடலே இல்லாத ஊரில் படகு மோட்டார் ரிப்பேர் பட்டறை என்றால் சிரிப்பு வரும். ஆனால் கடைசல் வேலை இங்கேதான் சுலபமாக நடக்கும் என்று பழவேற்காட்டிலிருந்தும் காசிமேட்டிலிருந்தும் டெம்போவில் மோட்டார்கள் வந்தன. ரிப்பேர் முடிந்ததும் பருத்திப்பட்டு ஏரியில் ஒரு பழைய படகில் மாட்டி ஓட்டிப் பார்ப்பார்கள்.

புதிய மோட்டார்களில் டிபன் டப்பா அளவில் ஒரு பெட்டி இருந்தது. அதுதான் கம்ப்யூட்டர். பெட்ரோல் எவ்வளவு போக வேண்டும் என்று அது தீர்மானிக்கும். ஏதாவது கோளாறு என்றால் சிவப்பு விளக்கைச் சிமிட்டும். சிமிட்டுகிற விதத்தை வைத்து எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்கலாம். பட்டறையில் அதைப் படிக்கத் தெரிந்தவன் உத்தமன் ஒருவன்தான். "ஊட்ல பல்பு பீஸ் போனா பாக்க ஆளில்ல. அங்க போய் பல்பு கண்ணடிக்கிறத பாத்துகினு கீது," என்பாள் அவன் மனைவி கண்ணம்மா.

பழவேற்காடு சுலைமான் அப்படி ஒரு மோட்டாரைக் கொண்டு வந்தார். முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலில் வலை போடுகிறவர். அந்த மோட்டார்தான் அவர் குடும்பத்துக்குச் சோறு. எஞ்சினின் சூட்டைப் பார்த்துப் பெட்டிக்குச் சொல்கிற சென்சாரின் ஒயரை உப்பு தின்றிருந்தது. உத்தமன் விளக்கைப் பார்த்தே அதைக் கண்டுபிடித்துச் சரி செய்தான்.

அவர் மோட்டாரை எடுக்க வந்த அன்று ஆயுத பூசை. வெறுங்கையோடு வரக் கூடாதென்று அம்பத்தூரில் ஒரு சாமந்தி மாலை வாங்கிக்கொண்டு வந்தார்.

"இன்னா பாய், உங்க மோட்டாருக்கும் பூசையா?" என்றார் கஜபதி.

"எனக்குச் சோறு போடுது. ஒரு மாலை போட்டா இன்னா கொறஞ்சுடப் போவுது?"

பூசை முடிந்ததும் மாலையோடு எல்லா மெஷினையும் ஒரு தடவை ஓட்டிவிடுவது அந்தப் பட்டறை வழக்கம். தண்ணீர் டிரம்மில் கால் நனைய நின்ற சுலைமானின் மோட்டாரையும் உத்தமன் ஓட்டினான். மாலை சரிந்து தண்ணீருக்குள் போனது. டிரம் முழுக்க மஞ்சள் இதழ்கள் சுழன்றன. சுலைமான் வாயில் பொரியோடு கை தட்டினார். பிய்ந்து போன மாலையை உத்தமன் எடுத்து வெளியே போட்டான். மீதி எங்கே போனது என்று அவன் பார்க்கவில்லை.

பத்து நாளில் மோட்டார் திரும்பி வந்தது.

"ஓடிகினே கீறப்போ தானா வேகம் கொறையுது தம்பி. எவ்ளோ முறுக்கினாலும் நடந்து போற மாதிரிதான் போவுது."

உத்தமன் விளக்கைப் பார்த்தான். சூடு என்றது. சூடு ஏறினால் பெட்டி தானே வேகத்தைக் குறைத்துவிடும். டிரம்மில் வைத்து ஓட்டி, எஞ்சின் தலையைத் தொட்டுப் பார்த்தான். சூடு இல்லை. பாரம் இல்லாமல் ஓடுகிற எஞ்சின் எப்படிச் சூடாகும்? அதை அவன் யோசிக்கவில்லை. முன்பு கோளாறான அதே சென்சார்தான் என்று முடிவு கட்டிவிட்டான்.

"சென்சார் பொய் சொல்லுது பாய். அத நம்பிகினு பெட்டி பயந்துக்குது."

புது சென்சார் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். மீன் விழுகிற சமயத்தில் சுலைமானால் காத்திருக்க முடியாது. உத்தமன் சென்சாரைக் கழற்றிவிட்டு, ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கிய ஒரு சின்ன ரெசிஸ்டரை அதன் இடத்தில் ஈயம் வைத்துப் பற்ற வைத்தான். இனி எஞ்சின் கொதித்தாலும் பெட்டிக்குக் குளிர்ச்சி என்றுதான் தெரியும்.

ஏரியில் ஒரு சுற்று மோட்டார் சீறிக்கொண்டு போனது. எஞ்சினைக் குளிர வைத்த தண்ணீர் பக்கத்து ஓட்டை வழியாகப் பீய்ச்சி அடிக்க வேண்டும். சுலைமான் குனிந்து அதைப் பார்த்தார்.

"தண்ணி சன்னமா வருதே, உத்தமா?"

"கம்ப்யூட்டரே ஒத்துகிச்சு. நீங்க இன்னாத்துக்கு அது ஒண்ணுக்குப் போறத எட்டிப் பாக்கறீங்க?"

கஜபதி விழுந்து விழுந்து சிரித்தார். சுலைமானும் சிரித்தார்.

அந்த வாரமே, முகத்துவாரத்தில் அலை எழும்புகிற இடத்தில், எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. படகு புரண்டது. படகில் இருந்த மற்றவர்கள் நீந்திக் கரையேறினார்கள். சுலைமானின் வலது கை படகுக்கும் பாறைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். மோட்டாரை முறுக்குகிற கை.

கட்டுப் போட்ட கையும் மோட்டாருமாக அவர் டெம்போவில் வந்து இறங்கியபோது கஜபதி உத்தமனின் காதில், "பெட்டி பூட்ச்சுனு சொல்லு. வேற ஒண்ணும் பேசாத," என்றார்.

உத்தமன் தலையாட்டினான். சுலைமான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்க, எஞ்சினைப் பிரித்தான்.

"பெட்டிதான் பாய்... உப்புக் காத்துல..." என்று ஆரம்பித்தான். தண்ணீர் போகிற வழியின் மூடி கழன்றது. உள்ளே கறுத்துப் போன ஒரு உருண்டை அடைத்துக்கொண்டிருந்தது.

சுலைமான் இடது கையால் அதைப் பிடித்து இழுத்தார். நீளமாக வந்தது. வாழைநார். ஓரத்தில் அழுகிய இதழ்கள் ஒட்டியிருந்தன.

"நான் வாங்கியாந்த மாலை," என்றார்.

உத்தமனைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்போ சூடுன்னு பெட்டி சொன்னது நெசந்தான்?"

"நெசந்தான் பாய்."

"நீதான் அதும் வாயைக் கட்டிட்ட."

அவர் திட்டியிருந்தால் உத்தமன் காலில் விழுந்திருப்பான். அவர் நாரைத் தரையில் போட்டுவிட்டு, டெம்போக்காரனிடம், "மோட்டார் இங்கியே கெடக்கட்டும். எதைப் புடிச்சு நான் முறுக்கப் போறேன்?" என்று சொல்லி ஏறிக்கொண்டார்.

மோட்டார் மூலையிலேயே கிடந்தது. உத்தமன் பட்டறையில் தொடர்ந்து வேலை செய்தான். ஆனால் பெட்டி வைத்த மோட்டார் வந்தால் பழைய பம்புசெட்டு எதையாவது இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். கம்ப்யூட்டர் என்று யாராவது கூப்பிட்டால் திரும்புவதில்லை.

அடுத்த ஆயுத பூசைக்குக் கஜபதி எல்லா மெஷினுக்கும் மாலை வாங்கி வந்தார். மூலையில் கிடந்த மோட்டாருக்கும் சேர்த்துத்தான். உத்தமன் அன்று பட்டறைக்கு வரவில்லை.